மடைக்கருப்புக்குக் கதவு எண் கிடையாது

1

நேற்றுக் காலை வேலைக்குக் கிளம்பும் முன், எங்கள் வீட்டு அடுப்படியில் நின்று இரண்டாம் முறையாகச் சாமியாடினேன். முதல் முறை போன வருசம் இதே மாசியில். இரண்டும் நடிப்பு. ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு என்னைத் திட்டத் தோன்றும். திட்டுங்கள், ஆனால் கடைசி வரைக்கும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

நான் நார்வே நாட்டின் மேற்குக் கரையில், மழை பெய்யாத நாளை விரல் விட்டு எண்ணிவிடக்கூடிய ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லம் ஒன்றின் சமையல்காரன். பெயர் கருப்பையா. இங்கே 'காரு' என்கிறார்கள். வந்து பதினாறு வருசமாகிறது. சொந்த ஊருக்குப் போக வேண்டுமென்றால் காளையார்கோவிலில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்து, அப்புறம் கண்மாய்க் கரையோடு நடக்க வேண்டும். காரைக்குடியில் ஒரு பழைய செட்டியார் வீட்டை ஓட்டலாக்கியிருந்தார்கள். அங்கேதான் கரண்டி பிடித்தேன். அங்கிருந்து கப்பல் வேலை, கப்பலில் இருந்து இந்த ஊர். மனைவி செல்வி நாட்டரசன்கோட்டைக்காரி, இதே இல்லத்தில் கிழவர் கிழவிகளைக் குளிப்பாட்டி உடுத்திவிடுகிற வேலை. மகள் கயல்விழிக்குப் பதினாலு வயது. இங்கேயே பிறந்தவள்.

2

போன வருசம் தை மாதம் கயல் பள்ளியில் இருந்து ஒரு தாளோடு வந்தாள். வகுப்பறையில் பெரிய உலகப் படம் மாட்டியிருக்கிறார்களாம். ஒவ்வொரு பிள்ளையும் தன் குடும்பம் கிளம்பி வந்த இடத்தில் ஒரு குண்டூசி குத்தி, அந்த மண்ணின் பழங்கதையில் வருகிற ஒருவரைப் பற்றி அரைப் பக்கம் எழுதி ஒட்ட வேண்டும். சோமாலியப் பையன் ஒருவன் ஆள் தின்னும் நீளக் காதுக்காரி ஒருத்தியை எடுத்துக்கொண்டான். போலந்துப் பெண், குளிக்க வருகிறவர்களைத் தண்ணீருக்குள் இழுக்கிற குளத்துப் பேயை எடுத்துக்கொண்டாள்.

"நம்ம வீட்டுல யாருப்பா?" என்றாள் கயல்.

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. மகள் தமிழில் கேட்கிற கேள்விகள் வருசத்துக்கு வருசம் குறைந்து, சாப்பாடு, சார்ஜர், எப்போது வருவீர்கள் என்கிற அளவில் வந்து நின்றிருந்த காலம் அது. கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து மடைக்கருப்பின் கதையைச் சொன்னேன்.

எங்கள் கண்மாயின் மடையைத் திறந்து மூடுகிற வேலை எங்கள் குடும்பத்துக்கு. அண்ணன் தம்பி மூன்று பேர். கடைசித் தம்பிக்குக் கல்யாணம் ஆகவில்லை, அவன்தான் எந்நேரமும் மடையில் கிடப்பான். ஒரு பெருமழையில் மடைக்குப் பக்கத்தில் கரை உடைந்தது. மண்ணைப் போடப் போட வெள்ளம் அரித்துக்கொண்டு போனது. கரை ஓர் உயிர் கேட்கிறது என்று யாரோ சொல்ல, அண்ணன்மார் இருவரும் தம்பியை உடைப்புக்குள் தள்ளி மேலே மண்ணைப் போட்டு அடைத்தார்கள். கரை நின்றது. அவன் கொண்டுவந்த பழைய சோறு திறக்காமலேயே கரை மேல் இருந்தது. பிறகு வீட்டில் பிள்ளைகள் ஒவ்வொன்றாகச் சீக்கில் விழுந்தன. ஒரு நாள் மூத்தவர் மேல் செத்தவன் இறங்கி, "என்னயத் தள்ளுனது யாரு?" என்று கேட்டான். "நாங்கதான்" என்று இரண்டாமவர் ஒத்துக்கொண்டு காலில் விழுந்தார். அன்றிலிருந்து அவன் சாமி. வருசா வருசம் சிவராத்திரிக்கு மறுநாள் பகலில் பூசை. அன்றைக்குச் சாமி இறங்கி அதே கேள்வியைக் கேட்கும், நாங்களும் அதே பதிலைச் சொல்வோம். கிடா வெட்டுக் கிடையாது. பழைய சோறு, உப்பு, சுட்ட கருவாடு. அவன் சாப்பிடாமல் போன சாப்பாடு.

கயல் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தாளைப் பார்த்தாள். அதில் மூன்று கட்டங்கள் இருந்தன. தெய்வம், ஆவி, அமானுஷ்யப் பிராணி.

"இவரு எதுல வருவாரு?"

"எதுலயும் இல்லம்மா. அவரு நம்ம பூட்டனுக்கும் முந்தின பாட்டனோட தம்பி."

"அப்ப நம்ம ரிலேட்டிவா?"

"ஆமா."

"அதுக்குக் கட்டம் இல்லப்பா," என்றாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு 'ஆவி'யில் குறி போட்டாள். கடைசி வரியில், இன்னும் நம்புகிறவர்கள் உண்டா என்று கேட்டிருந்தது. என்னைப் பார்த்தாள். உண்டு என்று போடச் சொன்னேன்.

3

நான் சமையல்காரன். எந்தச் சாமியைப் பற்றிக் கேட்டாலும், அது என்ன சாப்பிடும் என்பதுதான் என் முதல் கேள்வி. கயலின் தாளைப் பார்த்த பிறகு இல்லத்துச் சமையலறையில் கிடைத்தவர்களை எல்லாம் பிடித்துக் கேட்க ஆரம்பித்தேன்.

இந்த நாட்டுக்காரருக்கு 'நிஸ்ஸே' என்று ஒருவர். குட்டைக் கிழவர், தலையில் சிவப்புக் குல்லா, பண்ணைத் தொழுவத்தில் இருந்துகொண்டு மாடு கன்றைப் பார்த்துக்கொள்வார். கூலி, கிறிஸ்துமஸுக்கு ஒரு கிண்ணம் பால் கஞ்சி. மேலே ஒரு கட்டி வெண்ணெய் இருக்க வேண்டும். ஒரு வருசம் வேலைக்காரப் பெண் விளையாட்டாக வெண்ணெயை அடியில் வைத்துக் கஞ்சியை மேலே ஊற்றிவிட்டாள். வெண்ணெய் இல்லையென்று கோபித்துக்கொண்டவர், தொழுவத்திலேயே நல்ல மாடாகப் பார்த்து அடித்துக் கொன்றுவிட்டார். திரும்பி வந்து கஞ்சியைக் குடித்தால் அடியில் வெண்ணெய் கிடக்கிறது. என்னோடு சமைக்கிற பெரித் அம்மா இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் பக்கம் இப்படி நடந்திருந்தால் அந்தச் சாமிக்கும் மாட்டுக்கும் சேர்த்துக் கோயில் கட்டியிருப்போம். இவர்களோ அவரைப் பிளாஸ்டிக் பொம்மையாக்கிக் கடை ஜன்னலில் நிறுத்திவிட்டார்கள். ஒரு தெய்வத்துக்கு யாரும் பயப்படாமல் போனால் கடைசியில் அது பொம்மையாகிறது என்பதை இந்த ஊரில் வருசத்துக்கு ஒரு மாதம் கண்ணால் பார்க்கிறேன்.

இன்னொரு கதையும் சொன்னார். நிஸ்ஸேயின் தொல்லை தாங்காமல் ஒரு குடும்பம் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊரை விட்டுக் கிளம்பியது. வழியில் ஒருவர் எங்கே பயணம் என்று கேட்க, மூட்டைக்குள்ளிருந்து நிஸ்ஸே தலையை நீட்டி, "இன்றைக்கு நாங்கள் வீடு மாறுகிறோம்" என்றாராம். இவரிடமிருந்து தப்ப முடியாது, கூடவே வந்துவிடுவார். எனக்குப் பொறாமையாக இருந்தது.

பாத்திரம் கழுவுகிற ஒக்ஸானா உக்ரைன்காரி. அவர்கள் வீட்டுக் காவல் கிழவர் அடுப்புக்குப் பின்னால் குடியிருப்பார். ரொட்டியும் உப்பும் போதும். வீடு மாறும்போது பழைய செருப்பு ஒன்றைத் தரையில் வைத்து, தாத்தா இதில் ஏறிக்கொள், எங்களோடு வா என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் வருவார், இல்லாவிட்டால் அங்கேயே கிடப்பார். "நீங்கள் கூப்பிட்டீர்களா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அடுப்பை அணைத்தோமா என்பதே ஞாபகம் இல்லை," என்றாள். "அவர் அங்கேதான் இருப்பார், வீடு இருந்தால்."

பிலிப்பைன்ஸ் நர்ஸ் மரிசெல்லின் ஊரில் புற்றுக்குள் ஒரு கிழவர் குடியிருப்பார். அவருக்குச் சோறே வேண்டாம். தாண்டிப் போகும்போது, ஐயா கொஞ்சம் வழி விடுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கார் நிறுத்துகிற இடத்துப் புல்தரையைத் தாண்டும்போதுகூட அவள் வாய் முணுமுணுக்கும். அங்கே புற்று எதுவும் இல்லை என்று ஒருநாள் சொன்னேன். எனக்கும் தெரியும் என்றாள்.

எங்கள் மடைக்கருப்பு நிஸ்ஸேயைப் போலத் தானாக மூட்டையில் ஏறுகிறவர் இல்லை. கொண்டுபோனால்தான் வருவார். அதற்கு ஒரு முறை உண்டு, அதில்தான் நான் சறுக்கினேன்.

4

அண்ணன்மார் இருவரின் வாரிசுகளும் இரண்டு வீடாகப் பிரிந்தோம். மூத்தவர் வீட்டு ஆண் மேல் சாமி வரும். இளையவர் வீடு விளக்குப் போடும், சாமி கேட்கும்போது பதில் சொல்லும். எங்கள் வீடு மூத்தவர் வீடு. என் அப்பா மேல் முப்பது வருசத்துக்கு மேல் சாமி வந்தது. விளக்கு வீட்டில் இப்போது இருப்பவர் செல்லத்துரை அண்ணன். எனக்குப் பங்காளி, என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். சின்ன வயதில் எனக்கு நீச்சல் பழக்கியவர். விளக்கு வீட்டுக்காரர் குடி பெயர்ந்து போக வேண்டுமென்றால் சாமி வாயால் உத்தரவு வாங்க வேண்டும். இது எழுதாத சட்டம். சாமி வாய் திறக்க வேண்டுமானால் எங்கள் வீட்டில் யார் மேலாவது இறங்க வேண்டும்.

அப்பா இறந்து நாலு வருசமாகிறது. அவருக்குப் பிறகு எங்கள் வீட்டில் நான் ஒருவன்தான். முதல் வருசம் துக்கம், பூசை இல்லை. இரண்டாம் வருசம் என் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். அது கைக்கு வரும்வரை நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்றார்கள். உறுமி கொட்டி, சாமியைக் கூப்பிட்டு, யார் மேலும் இறங்காமல் ஆட்கள் எழுந்து போனார்கள் என்று அண்ணன் போனில் சொன்னார்.

"நீ இங்குட்டு வர முடியலைன்னா அதை அங்குட்டு அனுப்பிற வேண்டியதுதான்," என்றார். பிடிமண் அனுப்பினார்.

ஊரை விட்டுத் தூரம் போய்க் குடியேறுகிறவர்கள், சாமி நிற்கிற இடத்தில் ஒரு கைப்பிடி மண் எடுத்து, மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுபோய் வைத்துக் கும்பிடுவார்கள். மண் போன இடத்துக்குச் சாமி போகும். மதுரைக்கும் சென்னைக்கும் இப்படிப் போயிருக்கிறது. நார்வேக்குப் போனதில்லை.

மூன்று வாரம் கழித்து ஓர் அலுவலகத்தில் இருந்து எனக்குக் கடிதம் வந்தது. உங்கள் பொட்டலத்தில் மண் இருக்கிறது, வெளிநாட்டு மண்ணை உள்ளே விட அனுமதியில்லை, திருப்பி அனுப்பவா, அழித்துவிடவா? திருப்பி அனுப்ப வேண்டுமென்றால் இணையத்தில் ஒரு படிவம். அதில் அனுப்பியவரின் தெருப் பெயரும் கதவு எண்ணும் போட வேண்டும். எங்கள் ஊரில் தெருவுக்குப் பெயர் கிடையாது. 'கண்மாய்க்கரை' என்று போட்டேன். எண் கேட்டது. ஒன்று என்று போட்டேன். அப்படி ஒரு முகவரி இல்லை என்று சிவப்பு எழுத்தில் வந்தது. மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டிவிட்டுப் போனில் கூப்பிட்டேன். என் நார்வே மொழி சமையலறைக்குள் நன்றாக ஓடும், அலுவலகம் என்றால் நொண்டும்.

"இது யாருடைய மண்?" என்றாள் அந்தப் பெண்.

"எங்கள் உறவினருடையது."

"இறந்தவரின் அஸ்தியா? அதற்கு வேறு படிவம்."

இல்லை என்றும் சொல்ல முடியவில்லை, ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை. நாலாம் நாள், அழித்துவிடவும் என்ற கட்டத்தில் குறி போட்டேன். சோம்பல்தான், வேறென்ன. அண்ணன் வீட்டு மின்சாரச் சீட்டில் பார்த்திருந்தால் ஏதாவது எண் கிடைத்திருக்கும். கேட்கப் பிடிக்கவில்லை.

"வந்துருச்சாடா?" என்று அண்ணன் கேட்டார்.

"வந்துருச்சுண்ணே."

"எங்குட்டு வச்சிருக்க?"

"அடுப்படி அலமாரிக்கு மேல." அங்கே இருந்தது ஏலக்காய் டப்பா.

5

போன வருசம் மாசிக்கு நான் ஊருக்குப் போயிருக்கலாம். அனுமதிச் சீட்டு கைக்கு வந்துவிட்டது, கேட்டிருந்தால் விடுப்பும் கொடுத்திருப்பார்கள். போகவில்லை. போய் நின்று, உறுமி கொட்டி, என் மேலும் எதுவும் வராமல் போனால் என்ன செய்வது என்ற பயம். அதை வேலை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன்.

அண்ணன் வேறு ஏற்பாடு செய்துவிட்டார். மண் அங்கே இருக்கிறது, ஆளும் அங்கே இருக்கிறான், சாமி அங்கேயே இறங்கட்டும், நாம் போனில் பார்த்துக்கொள்வோம் என்று பங்காளிகளிடம் சொல்லி, காரைக்குடி செக்காலை ரோட்டுக்குப் போய்ப் பெரிய திரை வைத்த போன் ஒன்று வாங்கி வந்துவிட்டார். பழைய போனில் சாமி சின்னதாகத் தெரியுமாம்.

ஊரில் பகல் பதினொன்று, இங்கே காலை ஆறரை. சமையலறைச் சீருடையில் இருந்தேன், வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, காலுறை. அங்கே மடைக்கல்லில் போனைச் சாய்த்து வைத்து அதற்கும் ஒரு மாலை போட்டிருந்தார்கள். பத்துப் பேர் இருந்தார்கள். உறுமிச் சத்தம் விட்டு விட்டு வந்தது. அண்ணன் கையில் விபூதித் தட்டோடு குனிந்து என்னையே பார்த்தார். அவர் வலது கால் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. சர்க்கரைப் புண். மகன் பாண்டி கோயம்புத்தூரில் லேத்துப் பட்டறையில் இருக்கிறான். பேரப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மதினி அங்கே போய் ஒரு வருசமாகிவிட்டது. அண்ணன் மட்டும் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, ஈரக் கரையில் நடந்து போய் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

பத்து நிமிசம் ஆனது. எனக்கு ஒன்றும் வரவில்லை. கால் குளிர்ந்தது, அவ்வளவுதான். அண்ணன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடுவதைப் பார்த்தேன். அதைப் பார்க்க முடியாமல்தான் ஆரம்பித்தேன். அப்பாவுக்கு முதலில் இடது முழங்கால் ஆடும், பிறகு மூச்சு. நானும் அப்படியே ஆட்டினேன். குலவைச் சத்தம் கேட்டது. "என்னயத் தள்ளுனது யாரு?" என்றேன். இரண்டு வினாடி கழித்துப் பதில் வந்து சேர்ந்தது. "நாங்கதான் சாமி, பொறுத்துக்கய்யா."

அதோடு முடிந்திருந்தால் பாவம் சின்னதாக இருந்திருக்கும். அண்ணன் போன் முன்னால் உட்கார்ந்தார்.

"சாமி, காலு முடியலய்யா. மகன் வரச் சொல்றான். அவனோட போயி இருந்துக்கிறேன். வெளக்குக்கு வேற ஆளு சொல்லிட்டுத்தான் போவேன். உத்தரவு குடுக்கணும்."

போகச் சொல்லியிருந்தால் மறுநாளே போயிருப்பார். அந்த நேரம் எனக்கு அவர் கால் ஞாபகத்துக்கு வரவில்லை. அவரும் போய்விட்டால் அந்த ஊரில் எனக்குக் கதவு திறக்க ஓர் ஆள் இருக்காது என்பதுதான் வந்தது. ஒரு நாள் திரும்பிப் போவேன் என்று பதினாறு வருசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேனே, யாரிடம் போவேன்? "என்னய விட்டுட்டுப் போகாதடா," என்று கத்தினேன். "எல்லாரும் போனீக. நீயும் போகாத." அழுகை மட்டும் நிஜமாகவே வந்தது.

அண்ணன் தரையில் விழுந்து கும்பிட்டார். "போகல சாமி. நான் எங்கிட்டும் போகல."

திரும்பினேன். கயல் பள்ளிப் பையோடு அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். முகம் வெளிறியிருந்தது. ஆம்புலன்சைக் கூப்பிடட்டுமா என்று நார்வே மொழியில் கேட்டாள்.

6

இரண்டு வாரம் கழித்துப் பள்ளியில் பெற்றோர் கூட்டம். உலகப் படத்தைத் தேடிப் போய்ப் பார்த்தேன். இந்தியாவின் தெற்கில் எங்கள் பக்கம் குண்டூசி குத்திய சின்ன ஓட்டை மட்டும் இருந்தது. கயலின் பெயர் நார்வேயில் இருந்தது, நிஸ்ஸேக்குக் கீழே. வீட்டுக்கு வரும் வழியில் ஏன் என்று கேட்டேன். "இவரைப் பத்தி எனக்குத் தெரியும்," என்றாள். அவள் என்னைக் காயப்படுத்தச் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் அந்தச் சாமியைப் பற்றி எதுவும் கேட்டதில்லை.

ஊரில் அண்ணன் சந்தோசமாக இருந்தார். சாமி அழுததை வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னார். பாண்டி இரண்டு முறை வந்து கூப்பிட்டும் போகவில்லை. புண் ஆறவில்லை. ஆவணியில் எனக்குத் தாங்கவில்லை, போன் செய்து சொல்லிவிட்டேன்.

"அண்ணே, மாசியில ஆடுனது நான்தான். சாமி இல்ல."

"சரி."

"சரின்னா? நடிச்சேண்ணே. பிடிமண்ணும் இங்குட்டு வந்து சேரல. அழிச்சுப்புட்டாக. நான்தான் அழிக்கச் சொன்னேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நல்லது என்று இருந்தது.

"ஒங்கப்பாவும் மொத வருசம் இதத்தாண்டா சொன்னாரு," என்றார். "சும்மா காலு நடுங்குச்சு, நான்தான் எதையோ ஒளறிட்டேன், சாமின்னு நெனச்சுறாதீகன்னு எங்கய்யாகிட்ட வந்து அழுதாரு. ஏறுனது ஏறுனவனுக்குத் தெரியாதுடா."

"எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்குண்ணே."

"இருக்கட்டும். மண்ணு இல்லாமயே அம்புட்டுத் தூரம் வந்துருக்குன்னா, அதுக்கு எம்மேல எம்புட்டுப் பாசம் இருந்துருக்கணும், சொல்லு."

நான் உண்மையைச் சொல்லி அவர் நம்பிக்கையை இன்னும் இறுக்கிவிட்டேன். அதன் பிறகு என்ன சொன்னாலும் சிரித்தார். என் அப்பாவைப் பற்றி அவர் சொன்னது அன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. அப்பாவும் நடித்தாரா என்று யோசித்தேன். கேட்க ஆள் இல்லை.

ஐப்பசியில் சிவகங்கை ஆஸ்பத்திரியில் கட்டைவிரலை எடுத்தார்கள். பத்து நாளில் கட்டுப் போட்ட காலோடு கரைக்குப் போய்விட்டார். தையில் பாண்டி கூப்பிட்டான்.

"சித்தப்பா, இப்படியே ஈரத்துல நடந்தா கணுக்கால் வரைக்கும் எடுக்கணும்ங்குறாக. இங்க நல்ல ஆஸ்பத்திரியாப் பாத்து வச்சிருக்கேன். வரமாட்டேங்குறாரு. நீக சொன்னாத்தான் கேப்பாரு."

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்பா. கேக்கல."

"நீகளாச் சொன்னாக் கேக்கமாட்டாரு. மாசிக்குச் சாமியாச் சொல்லுங்க சித்தப்பா. போகச் சொல்லுங்க. அது போதும்." அவன் குரலில் கிண்டல் இல்லை. அவன் எதை நம்புகிறான் என்று நான் கேட்கவும் இல்லை.

எங்கள் முன்னோர் ஒருவனை உடைப்பில் தள்ளிக் கரையைக் காப்பாற்றினார்கள். நான் அண்ணனைத் தள்ளியிருக்கிறேன், கையில் ஈரம்கூடப் படாமல். எதைக் காப்பாற்ற என்று கேட்டால், என்றைக்கோ திரும்பிப் போவேன் என்ற என் வாய்ப்பேச்சை.

7

இந்த முறை எல்லாவற்றையும் முறையாகச் செய்தேன். மூன்று நாள் கறி மீன் தொடவில்லை. சாமான் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, அப்பா ஆடியதை நினைத்து நினைத்து ஆடிப் பழகினேன். நேற்று விடிவதற்குள் செல்வி என் தலையில் வாளித் தண்ணீரை ஊற்றினாள். ஈர வேட்டி, விபூதி, வெறுங்கால்.

"பொய்யின்னாலும் நல்லதுக்குத்தான பண்றீக," என்றாள். "கூச்சப்படாமப் பண்ணுங்க."

கயல் தன் அறையில் இருந்து எட்டிப் பார்த்து, எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அங்கே மூன்று பேர்தான் இருந்தார்கள். அண்ணன், பாண்டி, உறுமிக்காரர். அண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், காலில் முழங்காலுக்குக் கீழே வரை கட்டு. மெலிந்துபோயிருந்தார். உறுமி ஆரம்பித்ததும் நான் காத்திருக்கவில்லை. முழங்கால், மூச்சு, எல்லாம் அப்பாவைப் போலவே வந்தது. நாக்கைக் கடித்தேன், ரத்தம் வந்தது. நன்றாகத்தான் செய்தேன் என்று இப்போதும் நினைக்கிறேன்.

"என்னயத் தள்ளுனது யாரு?"

"நாங்கதான் சாமி, பொறுத்துக்கய்யா." அண்ணன் கையைக் கூப்பியிருந்தார்.

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. உத்தரவு கேட்பார் என்று பாண்டியும் நானும் காத்திருந்தோம். கேட்கவே இல்லை. போன வருசமே பதில் கிடைத்துவிட்டது அவருக்கு. நானாகவே சொன்னேன்.

"செல்லத்துரை. நீ போ. மகனோட போயி காலப் பாரு. நான் இங்க இருந்துக்குவேன். போ."

உறுமிக்காரர் வேகமாகக் கொட்டினார். பாண்டி அப்பாவின் தோளைத் தொட்டான். "அப்பா, கேட்டீகளா, சாமியே சொல்லிருச்சு."

அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கூப்பிய கையைப் பிரித்து, உறுமிக்காரரை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினார்.

"கருப்பையா," என்றார். "போதும்டா. வேட்டிய மாத்து. சளி புடிச்சுக்கும்."

நான் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தேன். "நான் மடைக்கருப்புடா," என்றேன்.

"இல்லடா தம்பி." கோபமே இல்லை அவருக்கு. குழந்தையிடம் பேசுகிற மாதிரிப் பேசினார். "போன வருசம் வந்துச்சே, அதுதான் அது. விட்டுட்டுப் போகாதன்னு அழுதுச்சு. தன்னய விட்டுட்டுப் போன்னு எந்தச் சாமிடா சொல்லும்? அது நீ சொல்றது. எம்மேல இருக்க பாசத்துல சொல்ற. எனக்குத் தெரியாதா?"

பாண்டி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அண்ணன் கம்பை ஊன்றி எழுந்து, சோற்றுப் பானையை எடுத்துக்கொண்டு மடைக்கல்லைச் சுற்றிப் போனார். கட்டுப் போட்ட கால் ஈர மண்ணில் பதிந்து பதிந்து போனது தெரிந்தது. அப்புறம் திரையில் மாலையும் வானமும்தான். நான் ஆட்டத்தை எப்போது நிறுத்தினேன் என்று தெரியவில்லை. குளிரில் உடம்பு தானாக நடுங்கிக்கொண்டிருந்தது.

பாண்டி குனிந்து போனை எடுத்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வச்சுரவா சித்தப்பா?" என்றான்.

வை என்றேன்.